மூச்சு மிச்சமிருந்தவர்

கதையை இனி யார் நடத்துவது என்ற கேள்வி எழுந்தபோது பெரிய வாதம் எதுவும் நடக்கவில்லை. மருத்துவமனையில் மூச்சின் அளவு பார்க்க நாலு பேரையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லியிருந்தார்கள். இருப்பதிலேயே நன்றாக ஊதியவர் பாலீஷ்காரர். அத்தோடு தீர்ந்தது. மனைவி மூச்சுவிடாமல் பேசினாலும் ஒரு ‘ம்’ மட்டும் போடுகிறவர், வாய்விட்டுச் சிரிக்கக்கூட யோசிக்கிறவர், மூச்சு மிச்சமிருந்த ஒரே குற்றத்துக்காகக் கதை சொல்லப் பிடித்து உட்காரவைக்கப்பட்டார்.

நாலு பேரும் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை அறுத்து, சிங்க் உட்கார ஓட்டை போட்டு, ஓரம் தேய்த்து, பளபளப்பாக்கி, வீடு வீடாகப் போய்ப் பொருத்திவிட்டு வருவது வேலை. கல்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை அது. கறை பிடிக்காது, சூடு தாங்கும், பார்க்க அழகாக இருக்கும். அறுக்கும்போது மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுக்கவேண்டும். தண்ணீர் விட்டால் சேறு தெருவில் ஓடுகிறது என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் சத்தம் போட்டார்கள். வேலையும் மெதுவாகத்தான் நடந்தது. முதலாளி குழாயை அடைத்துவிட்டார். “மாவு மாதிரிதான் இது, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லி ஆளுக்கொரு துணி முகமூடி கொடுத்தார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், காதுமடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லில் வேலையா என்று தெருவில் கேலி செய்வார்கள். இவர்களும் சிரித்துக்கொண்டே தட்டிவிட்டுப் போவார்கள்.

அறுப்பது தாடியின் வேலை. ஆள் மலை மாதிரி இருப்பார், குரல் தெருமுனைவரை கேட்கும். வீடுகளுக்குப் போய் அளவெடுத்து வருகிறவருக்கு டேப் என்று பெயர். எதைச் சொன்னாலும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். ஓரம் தேய்ப்பது பாலீஷ்காரருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. நாலு பேரில் சின்னவன் அவன்தான். பட்டறையிலேயே தூசி அதிகம் பறக்கிற இடமும் அந்த ஓரம் தேய்க்கிற மூலைதான்.

விளையாட்டு இவர்கள் கைக்கு வந்தது தற்செயலாக. மேடை பொருத்தப் போன வீட்டில் ஒரு அம்மாள் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். “பிள்ளைங்க பெரிசாயிட்டாங்க, வேணும்னா எடுத்துட்டுப் போங்க” என்று ஒரு பெட்டியைத் தாடியிடம் நீட்டினார். உள்ளே தடிமனாக ஒரு விதிப் புத்தகம், விநோத வடிவங்களில் பகடைகள். தாடி மதியச் சாப்பாட்டு நேரங்களில் அதைப் படித்துத் தெளிந்தார். பலகையும் காய்களும் இல்லாத விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருவன் திருடன், ஒருவன் மந்திரவாதி, இப்படி. நடத்துகிறவர், ‘எதிரே ஒரு கதவு, பின்னால் ஏதோ உறுமுகிறது, நீ என்ன செய்கிறாய்?’ என்று கேட்பார். ஆடுகிறவன் செய்வதைச் சொல்வான். முடிகிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அவ்வளவுதான். தாடி நடத்தினால் உறுமல் கூரையில் எதிரொலிக்கும். டேப்கூட அளக்க மறந்துவிடுவார்.

பிறகு ஒருவர் பின் ஒருவராக இருமினார்கள். மாடிப்படியில் பாதியில் நின்றார்கள். தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிட்டது, தழும்பு இனிக் கரையாது என்று டாக்டர் சொன்னார். பட்டறை மூடப்பட்டது. விளையாட்டு மட்டும் ஞாயிறு மதியங்களில் தாடி வீட்டில் தொடர்ந்தது.

தாடிக்கு இப்போது தாடி இல்லை. முகமூடி சரியாகப் பொருந்தவேண்டும் என்று மருத்துவமனையில் மழித்துவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் குழாய் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. ஒரு ஞாயிறு, “கதவைத் திறந்தா… உள்ளே…” என்றவர் அதற்குமேல் போகமுடியாமல் இருமத் தொடங்கினார். இருமல் நின்றபோது கண்ணில் நீர் வழிந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தாடி பெட்டியை எடுத்துப் பாலீஷ்காரர் மடியில் வைத்தார்.

“நீ.”

“நானா? எனக்குப் பேசவே வராதே.”

“எங்களுக்குப் பேச வருது, காத்து வரலை” என்றார் டேப். “உனக்குக் காத்து இருக்கு. பேச்சை எங்கேயாவது தேடிப் பிடிச்சுக்கோ.”

தாடி முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, “நான்… இனிமே ஆடப்போறேன்” என்றார். அத்தனை வருஷமும் நடத்திக்கொண்டே இருந்ததில் அவருக்கென்று ஒரு பாத்திரம் இருந்ததே இல்லை. என்னவாக ஆடப்போகிறாய் என்று கேட்டதற்கு, “சமையல்காரன்” என்றார். சண்டை தெரியுமா? தெரியாது. மந்திரம்? தெரியாது. பின்னே என்னதான் தெரியும்? “பசி… தெரியும்.”

பாலீஷ்காரருக்கு அப்போது ஒரு வாகன நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கும் வேலை. மேலே ஏறவேண்டாம், எதையும் தூக்கவேண்டாம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து சீட்டைக் கொடுத்து வாங்கினால் போதும். அந்தக் கூண்டுக்குள்தான் அவர் பேசிப் பழகினார். விதிப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, “யாரங்கே!” என்று மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். சரியாக வராது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார். ஒருநாள் “நில்! இந்த வாசலைத் தாண்டினால் உயிர் போகும்!” என்று சொன்ன நேரத்தில் ஒரு கார் வந்து கூண்டருகே நின்றிருந்தது. உள்ளே இருந்த பெண்மணி கண்ணாடியை இறக்கிவிட்டு, “உள்ளே இடம் இல்லையா?” என்று கேட்டார். பாலீஷ்காரர் காது சிவக்க, தலையைக் குனிந்துகொண்டு சீட்டை நீட்டினார்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல்தான் பழகினார். ஆனால் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். அவள் ஜவுளிக்கடையில் நிற்கிறவள். நாள் முழுக்கத் துணியை விரித்துப் போட்டுப் பேசிப் பேசி விற்கிறவள். வாங்க வராதவர்களுக்கும் எதையாவது விற்று அனுப்பிவிடுவாள். துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து மடித்துக்கொண்டே, “எதுக்கு வாய்க்குள்ளயே முணுமுணுக்கறீங்க? என்கிட்ட சொல்லிப் பாருங்க. நான் ஆடறேன்” என்றாள். அவள் தம்பி அவர்கள் வீட்டிலேயே சின்ன அறையில் இருந்தான். டாக்டர் நடக்கச் சொன்னதால் அந்த நேரத்தில் தெருவைச் சுற்றி நடக்கப் போயிருந்தான்.

“சரி. நீ ஒரு வீராங்கனை” என்றார் பாலீஷ்காரர்.

“கல்யாணம் ஆனவளா?”

“அது கதைக்குத் தேவையில்லை.”

“அவளுக்குத் தேவைப்படுமே. சரி, சொல்லுங்க.”

“மலை அடிவாரத்துல ஒரு குகை. வாசல்ல ஒரே இருட்டு. உள்ளேயிருந்து சில்லுனு காத்து வருது. நீ என்ன செய்யற?”

“உள்ளே என்ன இருக்கு?”

“போனாத்தான் தெரியும்.”

“அப்ப போகலை.”

பாலீஷ்காரர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இதற்கு வழி எதுவும் போட்டிருக்கவில்லை. “நீ போகலைன்னா கதையே இல்லை” என்றார்.

“இல்லாட்டிப் போகுது. தெரியாத இருட்டுக்குள்ள தலையை விட எனக்கென்ன கிறுக்கா? வாசல்லயே உட்கார்ந்து போறவங்க வர்றவங்ககிட்ட பேசிட்டு இருக்கேன். அவ பேரு என்ன, அந்த வீராங்கனை? அவளுக்கு வேற வேலை இல்லையா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. அதில் கொஞ்சம் தைரியம் வந்து, அவளை எப்படியாவது உள்ளே இழுத்துவிடவேண்டும் என்று குகையை வர்ணிக்க ஆரம்பித்தார். கல் அவருக்குத் தெரிந்த விஷயம். உள்ளே பெரிய மண்டபம், சுவரெல்லாம் முகம் தெரிகிற பளபளப்பு, மூலைக்கு மூலை ஆட்கள் கல் அறுக்கிறார்கள், தீப்பந்த வெளிச்சத்தில் தூள் மெதுவாக மிதந்து இறங்குகிறது, பனி பெய்கிற மாதிரி அவர்கள் தோளில், தலையில்… இவ்வளவு வார்த்தை தன்னிடம் இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மனைவியின் கை நின்றுவிட்டது. மடித்துக்கொண்டிருந்தது அவள் தம்பியின் சட்டை.

“இதுல அவனும் ஆடறானா?”

“ஆமா.”

“அவனை ஒரு தடவை உள்ளே கூட்டிட்டுப் போனது போதும்” என்றாள்.

குரலை உயர்த்திச் சொல்லவில்லை. துணியின் நீளத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். சட்டையை மடித்து முடித்து, மற்றதன்மேல் வைத்துவிட்டு, குவியலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

‘சும்மா சுத்திட்டு இருக்கான், உங்க பட்டறையில சேர்த்துவிடுங்க’ என்று அன்றைக்குக் கேட்டது அவள். கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தியது அவர். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இன்னொன்றும் அவர்களுக்குள் இருந்தது. கடைசியாக எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் இவர்கள் இரண்டு பேரையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நாலு பேரில் மோசமானது தாடி இல்லை, இந்தப் பையன்தான் என்றார். வயசு அவனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிடி எப்போது விடும் என்று தெரியாது, அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: “அவன்கிட்ட சொல்லக்கூடாது.” பாலீஷ்காரர் தன் வழக்கப்படி ‘ம்’ என்றார்.

குகையை விட்டுவிட்டார். கூண்டில் உட்கார்ந்து புதிதாக யோசித்தார். கல்லே இல்லாத ஒரு இடம் வேண்டும். கூரை கூடாது, சுவர் கூடாது. அகலமான ஒரு ஆறு. இரண்டு கரையிலும் புல். எந்நேரமும் நல்ல காற்று. ஆற்றின் குறுக்கே கயிற்றில் கட்டிய மரப்பாலம். பாலத்தின் முனையில் ஒரு காவல்காரன். சீட்டு இல்லாமல் யாரையும் விடமாட்டான், அவனுக்கே சீட்டு எங்கே கிடைக்கும் என்று தெரியாது. இதை நினைத்து அவர் தனக்குள் சிரித்துக்கொண்டார். அக்கரையில் கொள்ளைக்காரர்களை வைத்தார். பிறகு அவர்களைக் கோழைகளாக மாற்றினார், உரக்கக் கத்தினால் ஓடிவிடுவார்கள். ஒரு வெறிநாயை வைத்தார். மறுநாள் அது வெறும் பசித்த நாயாகிவிட்டது. தாடியின் சமையல்காரன் அதற்கு எதையாவது போட்டால் வாலாட்டும். இப்படி ஒவ்வொன்றாகப் பல்லைப் பிடுங்கினார். தன் கதையில் யாரும் சாகக்கூடாது என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், இதென்ன விளையாட்டு என்று தாடி முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டுத் திட்டியிருப்பார்.

ஞாயிறு வந்தது. தாடியின் அறை சின்னது. கட்டிலில் தாடி, தலையணைகளில் சாய்ந்து. ஜன்னலோரம் டேப். கதவுப் பக்கம் மைத்துனன். மாடி ஏறி வந்ததில் வாங்கிய மூச்சு இன்னும் அடங்காமல், சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். இயந்திரம் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. பாலீஷ்காரர் பெட்டி மூடியை முன்னால் நிறுத்தி அதன் பின்னால் தன் காகிதங்களைப் பரப்பினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

வாய் திறக்கவில்லை.

“இன்னைக்குள்ள ஆரம்பிப்பியா, நான் போய் முடி வெட்டிக்கிட்டு வரட்டுமா?” என்றார் டேப்.

“ஆறு” என்றார் பாலீஷ்காரர். நிறுத்தினார். “ஒரு ஆறு ஓடுது. பெரிய ஆறு. இந்தக் கரையில நின்னு கூப்பிட்டா அந்தக் கரைக்குக் கேட்காது. நல்ல காத்து. நீங்க மூணு பேரும் புல்லுல நிக்கறீங்க. யாருக்கும் மூச்சு வாங்கலை.”

கடைசி வாக்கியத்தை அவர் எழுதி வைத்திருக்கவில்லை. தானாக வந்துவிட்டது. பிறகு தாடி, “என் சட்டி… பெரிசா இருக்கா?” என்றார், கதை ஓட ஆரம்பித்தது.

காவல்காரன் வந்தபோது அறையே குலுங்கியது. சீட்டு கேட்டு அவன் பிடித்த அடத்தில் டேப்பின் மந்திரவாதி பொறுமை இழந்து அவனைத் தவளையாக்கப் பார்த்தான். மந்திரம் தப்பி, அவன் தொப்பி மட்டும் தவளையானது. தவளையைத் தலையில் வைத்துக்கொண்டே காவல்காரன் சீட்டு கேட்டான். தாடி சிரித்ததில் குழாய் நழுவியது. டேப் எட்டிச் சரிசெய்தார். கடைசியில் சமையல்காரன் சூடாக ஒரு கிண்ணம் சூப் கொடுத்துப் பாலத்தைத் திறக்கவைத்தான். பாலீஷ்காரருக்கு உடம்பு லேசாகிவிட்டது. பேச்சு என்பது இவ்வளவுதானா? முன்னால் இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனால் அடுத்த வார்த்தை வந்துவிடுகிறதே!

“நான் முன்னாடி போறேன்” என்றான் மைத்துனன். அவன் பாத்திரம் திருடன். பட்டறைக் காலத்திலிருந்து அதே திருடன்தான். “பலகை உறுதியா இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன். நீங்க கனமான ஆளுங்க.”

“பாலம் ஆடுது. கீழே தண்ணி வேகமாப் போகுது. பகடையை உருட்டு” என்றார் பாலீஷ்காரர். சும்மா ஒரு பேச்சுக்குத்தான். எந்த எண் விழுந்தாலும் தாண்டிவிடுவான் என்று வைத்திருந்தார்.

மைத்துனன் உருட்டினான். பகடை விதிப் புத்தகத்தில் மோதித் திரும்பி, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் நின்றது. ஒன்று.

ஒன்று விழுந்தால் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். தாடி அத்தனை வருஷமும் அதில் இரக்கமே காட்டியதில்லை. டேப்பின் முந்தைய மந்திரவாதிகள் எத்தனையோ பேர் அந்த ஒன்றில் போயிருக்கிறார்கள்.

“பலகை முறியுது” என்றார் பாலீஷ்காரர். “ஆனா… கயிறு கையில மாட்டிக்கிச்சு. இழுத்துப் பிடிச்சுக்கிட்ட. மேல ஏறிட்ட.”

டேப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தாடி கண்ணை மூடிக்கொண்டார். எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறவரும், ஒருவரையும் விடாதவரும், அந்தப் பொய்யை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

“ஒண்ணு விழுந்திருக்கு மாமா” என்றான் மைத்துனன்.

“பரவாயில்லை. நான்தானே நடத்தறேன்.”

“ஒண்ணுன்னா விழுந்துட்டான்னு அர்த்தம்.”

“நல்ல கயிறுடா அது. தாங்கும்.”

“மாமா.” அவன் குரல் சின்னதாகத்தான் இருந்தது, பெரிதாக்க மூச்சு இல்லை. “ஒண்ணும் பண்ணாதுன்னு முதலாளி சொன்னாரு. நம்பினோம். நீங்களும் அதையே சொல்லாதீங்க. விழுந்துட்டான்னா விழுந்துட்டான்னு சொல்லுங்க.”

பாலீஷ்காரர் பெட்டி மூடியை மடக்கிக் கீழே வைத்தார். இனி மறைத்துவைக்க அவரிடம் எதுவும் இல்லை. அவர் எழுதி வந்த காகிதம் எதிலும் இந்த இடம் கிடையாது. மைத்துனன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பலகை முறியுது. சத்தம்கூடப் பெரிசா இல்லை. கயித்தைப் பிடிக்கக் கையை நீட்டற, எட்டலை. விழும்போது மேல பாலம் தெரியுது, அதுல இவங்க ரெண்டு பேர் முகம் தெரியுது. தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கு. ஒரு தடவை மேல வர்ற. அப்புறம்…” அவருக்கே மூச்சு நின்றது. காத்திருந்து வாங்கிக்கொண்டார். “அப்புறம் வரலை. அவ்வளவுதான்.”

மைத்துனன் தலையை ஆட்டினான். நியாயமான கணக்கைக் கேட்டு ஒப்புக்கொண்ட மாதிரி ஒரு தலையாட்டல். முன்னால் கிடந்த பகடையை எடுத்து டேப்பின் பக்கம் நகர்த்தினான்.

“என் கரண்டியை…” என்றார் தாடி. மூச்சு வாங்கினார். “ஆத்துல போடறேன்… அவனுக்கு.”

“அவன் கரண்டியை வெச்சுக்கிட்டு என்ன செய்வான்?” என்றார் டேப். ஆட்டம் அன்றைக்கு அங்கேயே நின்றது.

திரும்பி வரும் வழியில் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் பாலீஷ்காரரும் மைத்துனனும் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. எதிரே ஒரு கடைக்காரர் ஷட்டரை இறக்குவதும், ஏதோ மறந்தவராக மறுபடி தூக்குவதுமாக இருந்தார். மைத்துனன் அதையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“டாக்டர் உங்க ரெண்டு பேரையும் தனியா கூப்பிட்டு என்ன சொன்னாரு?”

பாலீஷ்காரர் சொன்னார். சொல்வதற்கு அதிகம் இல்லை. குளிர்காலம் என்ற வார்த்தையில் மட்டும் குரல் இடறியது.

“மாத்து நுரையீரல்?”

“பேர் எழுதி வைக்கலாம்னாரு. நமக்கு முன்னாடி ஏகப்பட்ட பேர் நிக்கறாங்க.”

“அக்காவுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

மைத்துனன் சிரித்தான், சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆனது. “அதான் தினமும் முட்டை. காலையில முட்டை, ராத்திரி முட்டை. நான் என்னமோ அக்கா கோழிப்பண்ணை ஆரம்பிச்சிருக்கான்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு அவன் ஏதாவது சொல்வான் என்று பாலீஷ்காரர் காத்திருந்தார். உங்கமேல தப்பில்லை மாமா என்று சொல்லலாம். நீங்கதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டீங்க என்றும் சொல்லலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். எதுவும் வரவில்லை. பஸ் வந்தது. படி ஏறும்போது மைத்துனன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்; ஆனால் தினமும் அப்படிப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான்.

வீட்டுக்குள் நுழைந்த தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தட்டை வைத்தாள், அவன் முட்டையை ஓரமாக ஒதுக்கியபோது ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் கணவரோடு பேசவில்லை. பேச்சையே தொழிலாக வைத்திருந்தவள் வீட்டில் வாயை மூடிக்கொண்டாள். பேச்சே வராதவர் அவள் பின்னால் அறைக்கு அறை போய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“யாராவது அவன்கிட்ட சொல்லித்தான் ஆகணும். எனக்கும் தெரியும். நீங்க சொல்லிட்டீங்க. ஆனா இப்ப என்னால உங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை. கொஞ்ச நாள் விடுங்க.”

“ம்” என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு பாலீஷ்காரர் எங்கும் கிளம்பவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மைத்துனன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“என்ன மாமா, கிளம்பலையா? என் ஆள் செத்துட்டான், புது ஆள் போடணும். அதுக்கே ஒரு மணி நேரம் ஆகும்.”

தாடி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்ததும் பாலீஷ்காரர் காகிதத்தை எடுத்து, “யாரு?” என்று கேட்டார்.

“கிழவன்.”

“கிழவன்னா? என்ன தொழில்?”

“தொழில் எல்லாம் முடிஞ்சுபோச்சு. சும்மா கிழவன். பேரன் பேத்தியெல்லாம் எடுத்தவன். முட்டி வலி. எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்லுவான்.”

டேப் தரையைப் பார்த்தார். தாடிதான் முகமூடியைத் தூக்கினார். “பல்லு… இருக்கா?”

“ரெண்டு இருக்கு” என்றான் மைத்துனன்.

“அப்ப… சூப்புதான்.”

கிழவனை அவன் நன்றாக ஆடினான். காவல்காரனிடம் பழங்கதை பேசியே அவனைத் தூங்கவைத்துவிட்டான். கொள்ளைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் அப்பன்களை எல்லாம் தனக்குத் தெரியும் என்று மிரட்டினான். பாலீஷ்காரர் பகடையில் விழுந்ததை விழுந்தபடியே சொன்னார். நாய்க்குப் பல் திரும்ப முளைத்தது. மழைக்காலத்தின் நடுவில் தாடி போனார். இயந்திரத்தைச் சக்கர வண்டியில் வைத்து எடுத்துப் போனார்கள், அறை திடீரென்று அத்தனை அமைதியாக இருந்ததை டேப்பால் தாங்க முடியாமல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஆட்டம் மருத்துவமனை வார்டில் நடந்தது. மைத்துனன் ‘ஆம்’ என்றால் ஒரு விரல், ‘இல்லை’ என்றால் இரண்டு விரல் காட்டினான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவன் சார்பில் பகடையை உருட்டினாள். விழுந்த எண்ணை அவளே வாய்விட்டுச் சொன்னாள், எவ்வளவு சின்ன எண்ணாக இருந்தாலும்.

டாக்டர் சொன்ன குளிர்காலத்தை அவன் பாதிவரை தாண்டினான்.

பாலீஷ்காரரும் டேப்பும் இப்போதும் ஞாயிறு மதியங்களில் சந்திக்கிறார்கள். விளையாடுவதில்லை, இரண்டு பேரை வைத்துக்கொண்டு அது சரியாக வராது என்கிறார் டேப். கடைசியாக மருத்துவமனையில் ஊதியபோது இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வந்தது. டீயை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிறவர் பெரும்பாலும் பாலீஷ்காரர்தான்.